எக்ஸ்சேஞ்ச் செமஸ்டருக்கு ஜெர்மனி: "ஃபீஸ் இல்ல"ன்னா அக்கவுண்ட்ல எவ்வளவு இருக்கணும்?

"தங்கச்சிக்கு காலேஜ் மூலமா ஒரு செமஸ்டர் ஜெர்மனியில படிக்க சான்ஸ் கிடைச்சிருக்கு. ஃபீஸ் கிடையாதாம். டிக்கெட் போட்டா போதும்தானே ப்ரோ?" இந்தக் கேள்வி சேனலுக்கு அடிக்கடி வருது. கேக்கிறவங்க பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து மூணு நாலு வருஷம் ஆன அண்ணனோ அக்காவோதான். வீட்ல மாசம் சம்பளம் வர்ற ஒரே ஆளும் அவங்கதான். அதனால இந்தப் பதிவை, போற ஸ்டூடண்டுக்காக எழுதல. பணம் கட்டப் போற உங்களுக்காக எழுதுறேன்.

முதல்ல "ஃபீஸ் இல்ல"ங்கிறதைப் புரிஞ்சுக்குவோம். எக்ஸ்சேஞ்ச்னா இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு நடுவுல ஒரு ஒப்பந்தம். உங்க தங்கச்சி இங்க இருக்கிற காலேஜுக்கு வழக்கமான ஃபீஸைக் கட்டுவாங்க. அங்க இருந்து வர்ற மாணவர் அவங்க ஊர்ல கட்டுவார். போற இடத்துல யாருக்கும் டியூஷன் ஃபீஸ் கிடையாது. ஆக, இங்க கட்டுற ஃபீஸ் நிக்காது. ஜெர்மனியில அரசுப் பல்கலைக்கழகம் எல்லாமே இலவசம்னு ஒரு நம்பிக்கையும் இருக்கு. அதுவும் முழுசா சரியில்ல. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளிய இருந்து டிகிரி படிக்க வர்றவங்க 2017-ல இருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டுறாங்க. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்கால செமஸ்டர்ல இருந்து புதுசா சேர்றவங்ககிட்ட 2,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குது. ஒப்பந்தம் மூலமா வர்ற எக்ஸ்சேஞ்ச் மாணவருக்குத்தான் இதுல விலக்கு. காலேஜ் ஒப்பந்தம் இல்லாம, தானா விண்ணப்பிச்சுப் போனா கதை வேற. ஆஃபர் லெட்டர்ல "டியூஷன் வேவர்"னு எழுத்துல இருக்கான்னு பாருங்க.

அந்த விலக்கு இருந்தாலும் செமஸ்டர் கட்டணம்னு ஒண்ணு எல்லாருக்கும் உண்டு. ஹாஸ்டல், கேன்டீன் நடத்துற மாணவர் சேவை அமைப்புக்கும், பல இடங்கள்ல பஸ், ரயில் பாஸுக்கும் போற காசு அது. ஊரைப் பொறுத்து 100-ல இருந்து 350 யூரோ வரைக்கும் ஆகும். பாஸும் சேர்ந்திருந்தா அது நல்ல டீல்.

இப்ப பெரிய தொகைக்கு வருவோம். கணக்குக்கு ஒரு யூரோ 100 ரூபாய்னு வச்சுக்கலாம்.

விசாவுக்கு "அங்க இருக்கிற வரைக்கும் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் என்கிட்ட பணம் இருக்கு"ன்னு நிரூபிக்கணும். உங்க சம்பள ஸ்லிப்பையோ அப்பாவோட எஃப்டி ரசீதையோ காட்டி இதைத் தாண்டுறது கஷ்டம். வழக்கமான வழி பிளாக்டு அக்கவுண்ட், ஜெர்மன்ல ஷ்பெர்கொன்டோ. 2024 செப்டம்பர்ல இருந்து மாசத்துக்கு 992 யூரோ, வருஷத்துக்கு 11,904 யூரோ. ஆறு மாச எக்ஸ்சேஞ்சுக்கு 5,952 யூரோ, அதாவது நம்ம கணக்குல கிட்டத்தட்ட 6 லட்சம். இது ஃபீஸ் இல்ல, டெபாசிட்டும் இல்ல. உங்க பணம்தான். அங்க போனதும் மாசம் 992 யூரோவா திரும்பி வரும், அதுலதான் வாழணும்.

சிக்கல் எங்கன்னா, அந்த முதல் 992 கைக்கு வர்றதுக்கு முன்னாடியே செலவு ஆரம்பிச்சுடும். போய் இறங்கினதும் வீடு. வீட்டுக்கு கௌட்ஸியோன், நம்ம ஊர் அட்வான்ஸ் மாதிரி. சட்டப்படி அதிகபட்சம் ஹீட்டிங் மாதிரியான செலவு சேர்க்காத மூணு மாச வாடகை. அந்த வாடகை 400 யூரோன்னா 1,200 யூரோ. அதோட முதல் மாச வாடகை, செமஸ்டர் கட்டணம், இன்சூரன்ஸ். பிளாக்டு அக்கவுண்ட்ல இருந்து பணம் வர உள்ளூர்ல ஒரு சாதாரண பேங்க் அக்கவுண்ட் திறக்கணும். வீடு மாறின இரண்டு வாரத்துக்குள்ள நகராட்சி ஆபீஸ்ல முகவரியைப் பதியவும் வேணும், அதுக்கு வீட்டு ஓனர் கையெழுத்துப் போட்ட தாள் வேணும். ஒண்ணு தாமதமானா அடுத்ததும் தாமதம். அதனால பிளாக்டு அக்கவுண்டுக்கு வெளிய தனியா 2,000 யூரோவாவது கையில இருக்கிற மாதிரி அனுப்புங்கன்னு நான் சொல்வேன். ஒரு டிப்: கௌட்ஸியோனை மூணு மாசத் தவணையா கட்ட ஜெர்மன் சட்டமே வாடகைதாரருக்கு உரிமை கொடுக்குது. நிறைய பேர் கேக்கிறதே இல்ல.

இன்சூரன்ஸ்ல ஒரு வார்த்தை. இங்க ஆயிரக்கணக்குல கிடைக்கிற டிராவல் பாலிசி விசாவுக்கும் முதல் சில நாளுக்கும் உதவும். பல்கலைக்கழகத்துல பேர் பதிய அது போதாது. 30 வயசுக்குள்ள இருந்தா அரசு ஹெல்த் இன்சூரன்ஸ்ல மாணவர் கட்டணம், மாசம் ஏறக்குறைய 145 யூரோ. 992-ல இது முதல்லயே போயிடும். வேலையை விட்டுட்டு எம்பிஏ சேர்ந்து, 31 வயசுல எக்ஸ்சேஞ்ச் போறவங்களுக்கு அந்தச் சலுகைக் கட்டணம் கிடைக்காது.

ஆக, சின்ன ஊருக்குப் போனா கிளம்புறதுக்கு முன்னாடி ரெடியா இருக்க வேண்டியது: பிளாக்டு அக்கவுண்ட் 6 லட்சம், கைப்பணம் 2 லட்சம், ஃப்ளைட் 70-80 ஆயிரம், விசா கட்டணம் 75 யூரோ. மொத்தம் 9 லட்சத்தை ஒட்டி வரும். இதுல கௌட்ஸியோன் திரும்பி வரும், ஆனா உடனே வராது. ஓனர் கணக்குப் பார்த்து அனுப்ப சில மாசம் எடுத்துக்குவார். தங்கச்சி ஊர் திரும்புறதுக்கு முன்னாடியே அங்க பேங்க் அக்கவுண்டை மூடிட்டு வந்துடக் கூடாது. மியூனிக்னா ரூம் வாடகையே 700, 800 யூரோ, 992-ல மாசத்தை ஓட்ட முடியாது. தேர்வு கையில இருந்தா சின்ன ஊர் யுனிவர்சிட்டியை எடுக்கச் சொல்லுங்க.

"அங்க பார்ட் டைம் பார்த்துக்குவா"ன்னு நம்பி பட்ஜெட் போடாதீங்க. சட்டம் தாராளமாத்தான் இருக்கு. 2024 மார்ச்ல இருந்து வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம். 2025-ல குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. ஆனா அக்டோபர்ல போய் இறங்கி, முகவரி பதிஞ்சு, வரி நம்பர் தபால்ல வந்து, ஜெர்மன் பேசத் தெரியாம வேலை தேடி, கிடைக்கிறதுக்குள்ள கிறிஸ்துமஸ் வந்துடும். பிப்ரவரியில பரீட்சை. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் டிகிரிக்குப் போறவங்க கணக்கு வேற, ஆறு மாசத்துக்குப் போறவங்க கணக்கு வேற.

ஜெர்மன் பேசுற மத்த இரண்டு நாட்டையும் சுருக்கமா சொல்லிடறேன். ஆஸ்திரியாவுல காட்ட வேண்டிய தொகை 24 வயசுக்கு மேல போனா கணிசமா கூடும். வயசை முதல்ல பாருங்க. சுவிட்சர்லாந்துல நம்மள மாதிரி வெளிநாட்டு மாணவருக்கு முதல் ஆறு மாசம் வேலை செய்யவே அனுமதி கிடையாது, அதாவது எக்ஸ்சேஞ்ச் முடியற வரைக்கும். வாடகையும் சாப்பாடும் ஃபிராங்க்ல. ஸ்காலர்ஷிப் இல்லாம நான் அந்தப் பக்கம் அனுப்ப மாட்டேன்.

ஸ்காலர்ஷிப்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஈராஸ்மஸ் பிளஸ் திட்டத்துல இரண்டு பல்கலைக்கழகமும் இருந்தா மாசம் 800-900 யூரோ கிடைக்க வாய்ப்பு உண்டு. ஐஐடி மாஸ்டர்ஸ் மாணவர்களுக்கு டாட் அமைப்போட தனித் திட்டம் இருக்கு. பாடன் வூர்ட்டம்பெர்க் போறவங்களுக்கு அந்த மாநிலத்து ஸ்காலர்ஷிப் இருக்கு. உதவித்தொகைக் கடிதம் இருந்தா பிளாக்டு அக்கவுண்ட் தேவையே இல்லாம போகலாம், இல்ல குறையலாம். 6 லட்சம் புரட்டுறதுக்கு முன்னாடி காலேஜோட சர்வதேச அலுவலகத்துல இதைக் கேட்டு ஒரு மெயில் போடுங்க.

இன்னொரு செலவு யார் பட்ஜெட்லயும் வராது. ஜெர்மனியில குளிர்கால செமஸ்டர் வகுப்பு அக்டோபர் நடுவுல ஆரம்பிச்சு பிப்ரவரி வரைக்கும் ஓடும். நம்ம ஊர் அடுத்த செமஸ்டர் ஜனவரியிலயே ஆரம்பிச்சுடும். அங்க எழுதின பாடத்துக்கு இங்க கிரெடிட் கொடுப்பாங்களா, ஜனவரி வகுப்பு என்ன ஆகும்னு போறதுக்கு முன்னாடியே கையெழுத்தோட வாங்கணும். இல்லைன்னா ஒரு செமஸ்டர் கூடுதலாப் படிக்கணும், வேலைக்குச் சேர்றது ஆறு மாசம் தள்ளிப்போகும். கடைசி வருஷத்துல போனா கேம்பஸ் பிளேஸ்மெண்டும் போயிடலாம். மாசம் 40 ஆயிரம் சம்பளம்னு வச்சாலும் அது கிட்டத்தட்ட இரண்டரை லட்சம்.

சரி, பணத்தை அனுப்புறது. யார் பேன் நம்பர்ல இருந்து அனுப்பறீங்களோ அவங்களுக்கு ஒரு நிதியாண்டுல 10 லட்சம் வரைக்கும் டிசிஎஸ் கிடையாது, 2025 ஏப்ரல்ல இருந்து. 2025-26 நிதியாண்டுல அதுக்கு மேல போற தொகைக்குப் படிப்புன்னா 5 சதவீதம், மத்த காரணம்னா 20 சதவீதம்னு இருந்துச்சு. இந்த 10 லட்சம் எல்லா பேங்குக்கும், எல்லா காரணத்துக்கும் சேர்த்துத்தான். நீங்க அமெரிக்கப் பங்கு வாங்க அனுப்பின 4 லட்சமும் இதுல சேரும். படிப்புக்கு 8 லட்சம், பங்குக்கு 4 லட்சம்னா 2 லட்சம் தாண்டுது. அந்த 2025-26 விகிதப்படி, கடைசியா அனுப்பினது பங்குக்குன்னா 40,000 பிடிச்சாங்க, படிப்புக்குன்னா 10,000 தான். வரிசையை யோசிச்சு அனுப்புங்க, இல்லைன்னா பாதியை அப்பா பேன்ல இருந்து அனுப்புங்க. ஃபார்ம்ல காரணம் "படிப்பு"ன்னு இருக்கான்னு பேங்க்ல நின்னு பாருங்க. பிடிச்ச டிசிஎஸ் தொலைஞ்சு போகாது. ஆபீஸ்ல சொன்னா உங்க சம்பள டிடிஎஸ்ல கழிச்சுக்குவாங்க.

லோன் எடுக்கிற அண்ணன்மார்களே, கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரிக் கழிவு தனக்கு, கணவன் மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவருக்கு மட்டும்தான். தங்கச்சி, தம்பிக்கு கிடையாது. அதுவும் பழைய வரி முறையில இருந்தாத்தான். அவங்க பேர்லயே லோன் எடுத்து, பின்னாடி வேலைக்குப் போய் அவங்களே கட்டினா அவங்களுக்கு அந்தக் கழிவு கிடைக்கும். இதுக்காக 13, 14 சதவீதத்துல பெர்சனல் லோன் எடுக்கிறதை விட உங்க எஃப்டி மேல ஓவர்டிராஃப்ட் எடுக்கிறது மலிவு.

கடைசியா, பெரும்பாலானவங்க கோட்டை விடுற இடம். அக்டோபர் 1-க்கு அப்புறம் கிளம்பினா, ஏப்ரல்ல இருந்து 183 நாள் இந்தியாவுல இருந்தாச்சு. கொஞ்சம் முன்னாடி போனாலும் படிக்கப் போறவங்களுக்குப் பெரும்பாலும் அதே முடிவுதான்: அந்த வருஷம் அவங்க இந்திய ரெசிடெண்ட். அவங்க பேர்ல ஜெர்மனியில அக்கவுண்ட் இருந்தா அது வெளிநாட்டுச் சொத்து. வருமானமே இல்லைன்னாலும் ரிட்டர்ன் போடணும், ஷெட்யூல் எஃப்ஏ-ல காட்டணும். அதுக்கு ஐடிஆர்-1 ஆகாது, ஐடிஆர்-2 வேணும். வீடு, நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து 20 லட்சத்துக்குள்ள இருந்தா, காட்டாததுக்கு கருப்புப் பணச் சட்டத்துல இருந்த 10 லட்சம் அபராதம் 2024 அக்டோபர்ல இருந்து பொருந்தாது. ஆனா காட்டணும்ங்கிற கடமை போகல. வேலைக்குப் போய் எம்பிஏவுக்குப் போனவங்க, அந்த வருஷம் ஏப்ரல்ல வாங்கின சம்பளத்தை மட்டும் வச்சு பழக்கத்துல ஐடிஆர்-1 போட்டுடாதீங்க. இன்னொண்ணு, ஷெட்யூல் எஃப்ஏ-ல கணக்கு மார்ச் வரைக்கும் இல்ல, டிசம்பர் 31 வரைக்கும். அந்தத் தேதிக்கு அங்க இருந்த பேலன்ஸ், வருஷத்துல இருந்த அதிகபட்ச பேலன்ஸ் இரண்டும் கேக்கும். அதனால ஜனவரி முதல் வாரத்துலயே ஸ்டேட்மெண்டை டவுன்லோட் பண்ணி உங்க மெயிலுக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்க. அக்கவுண்டை மூடினதுக்கு அப்புறம் அதை வாங்குறது பெரிய பாடு.

ஷெட்யூல் எஃப்ஏ-ல எந்தக் கட்டத்துல எதை நிரப்பணும்னு ஸ்கிரீன்ல காட்டி அடுத்த வீடியோ போடுறேன்.