‘வாங்குதல்’ என்னும் சொல்

மாதம் பிறந்ததும் சம்பளம் வாங்குகிறோம், பொழுது சாய்ந்ததும் கூலி வாங்குகிறோம் என்று நாள்தோறும் சொல்லிவரும் நாம், சம்பளம் என்ற சொல் வடமொழியா தமிழா என்று வாதிப்பதில் காட்டும் சிரத்தையை, அதன் பின்னே அடக்கமாக நிற்கும் ‘வாங்குதல்’ என்னும் வினையின்பால் காட்டுவதில்லை.

சங்க நூல்களில் இச்சொல்லுக்கு வளைத்தல், இழுத்தல் என்னும் அர்த்தங்கள் பெருவழக்கு. நாண் பூட்டி வில்லை வளைப்பதும் வாங்குதலே. தன் பலத்தால் தன்பால் இழுத்துக்கொள்ளும் முயற்சி ஆதியிலிருந்தே அதற்குள் இருக்கிறது. தானம் பெறுவதற்கு ‘ஏற்றல்’ என்ற வேறு சொல் உண்டு. கூலியை ஏற்றான் என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. எசமானர் வேலை வாங்குகிறார், வேலையாள் கூலி வாங்குகிறார் என்று இரு தரப்பாரையும் ஒரே வினையால் சமமாக நிறுத்திய பாஷையின் நியாய புத்தியை என்னவென்று புகழ்வது! இரக்கும்போது தாழ்ந்தோன் ‘ஈ’ என்றும், ஒத்தோன் ‘தா’ என்றும், உயர்ந்தோன் ‘கொடு’ என்றும் சொல்வதாகத் தொல்காப்பியர் வகுத்தார். களத்துமேட்டில் நாளெல்லாம் கதிரடித்தவனோ ‘கூலியைக் கொடுங்க’ என்கிறான், ‘ஈயுங்கள்’ என்று ஒருநாளும் சொல்வதில்லை.

ஆனால் நெல்லைக் கூலியாக அளந்த தஞ்சைச் சீமையில் ‘படியளத்தல்’ என்றொரு பிரயோகமும் வழங்கியது. உயிர்களுக்கெல்லாம் படியளப்பவன் ஈசன் என்ற பக்தி வசனத்தை மிராசுதாருக்கும் ஏற்றிச் சொல்லி, உழைத்தவனுக்குரிய பாத்தியதையை அளந்தவரின் அனுக்கிரகமாக்கிவிட்ட அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. அதே சீமையில்தான், கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகத் திரண்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், 1968 டிசம்பர் 25 அன்று இரவு, கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

இப்போது உத்தியோகஸ்தர்கள் ‘சம்பளம் ஏறிவிட்டதா?’ என்று கைப்பேசியைப் பார்க்கிறார்கள். பணம் தானே கணக்கில் வந்துவிடுவதால் வாங்கும் கை மறைந்துவிட்டது. வீட்டு வேலை செய்யும் அம்மாளுக்கோ இன்றும் பல வீடுகளில் கையில்தான் சம்பளம். 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் ஆலைகளில் ஏழாம் நாள் முடிவதற்குள் சம்பளம் கொடுக்க வேண்டுமென்று விதித்தது. அடுப்படியில் பாத்திரம் துலக்கியவருக்கு அந்தக் கெடு எட்டவில்லை. ‘அம்மா, சம்பளம்…’ என்று அவர் வாசற்படியில் தயங்கி நிற்கும்படி வைக்காமல், ஒன்றாம் தேதி காலையிலேயே, அவர் கேட்பதற்கு முன்பே, எண்ணிக் கொடுத்துவிடுங்கள்.