செடி வாங்கப் போகிறீர்களா? கணக்கைப் பாருங்கள்!

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் சொந்த வீட்டுக்கோ வாடகை வீட்டுக்கோ குடிவந்தவர்களுக்கு, சாமான்களை ஒழுங்குபடுத்தியதும் அடுத்த ஆசை என்ன? வாசலில் நாலு பூஞ்செடிதான்! ஜி.எஸ்.டி. சாலை ஓரத்திலும் வேளச்சேரி சாலை ஓரத்திலும் செடிக்கடைகளுக்குக் குறைவில்லை. பூத்துக் குலுங்கும் ஐந்து செடிகளை ஆசையோடு வாங்கி வருகிறோம். ஒரு மாதத்துக்குள் மூன்று செடிகள் சருகாகிவிடுகின்றன. "எனக்குக் கைராசி இல்லை" என்று பெருமூச்சு விடுகிறார் வீட்டு அம்மாள்.

கைராசியைக் குறை சொல்லுமுன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒன்று 100 ரூபாய் வீதம் ஐந்து செடி வாங்கி மூன்று செத்துவிட்டால், மிஞ்சிய ஒவ்வொன்றின் விலையும் 250 ரூபாய்! பேரம் பேசிப் பத்து ரூபாய் குறைப்பது நல்லதுதான். ஆனால் பிழைக்கிற செடியைப் பார்த்து வாங்குவது அதைவிடப் பெரிய சிக்கனம்.

எப்போது வாங்கலாம்?

அக்கினி நட்சத்திர வெயிலில் செடி வாங்குவது காசை வெயிலில் காயப்போடுவதற்குச் சமம். சென்னை வட்டாரத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் பெய்கிறது. ஆகவே ஆவணி, புரட்டாசியில் வாங்கி நட்டுவிட்டால், வேர் பிடிக்கும் சமயத்தில் வானமே தண்ணீர் ஊற்றும். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற தாழ்ந்த பகுதிகளில் இருப்பவர்கள், தரையில் நடுவதைத் தை மாதத்துக்கு ஒத்திப்போடலாம்.

எதை வாங்கவே வேண்டாம்?

செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, கற்பூரவல்லி ஆகியவற்றுக்கு ஏன் காசு? மழைக்காலத்தில் அண்டை வீட்டாரிடம் ஒரு குச்சி கேட்டு வாங்கி ஊன்றினால் துளிர்த்துவிடும். முருங்கைக்கு ஒரு போத்து போதும். மல்லிகைக் கொடியை வளைத்து மண்ணில் பதியன் போட்டால் புதுச் செடி தயார். கறிவேப்பிலை மரத்தடியில் வேரிலிருந்து கன்றுகள் முளைத்து நிற்கும். வேரோடு பெயர்த்துக் கொள்ளலாம். துளசிக்கும் அகத்திக்கும் விதையே போதும்.

எதற்குக் காசு கொடுக்கலாம்?

ஒட்டு மா, ஒட்டு சப்போட்டா, ஒட்டு ரோஜா ஆகியவற்றுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். மாங்கொட்டையைப் புதைத்தால் காய்க்கப் பல ஆண்டு ஆகும். தாய் மரத்தின் ருசி வருமென்ற உறுதியும் இல்லை. ஒட்டுக்கன்று மூன்று நான்கு ஆண்டுகளிலேயே காய்க்கத் தொடங்கும். ஒட்டுக் கட்டிய தழும்பு தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். தழும்புக்குக் கீழே கிளம்பும் தளிரை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். விட்டுவைத்தால் அது மேலே உள்ள நல்ல ஜாதியை அமுக்கிவிடும். செங்கற்பட்டை அடுத்த ஆத்தூரில் அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. பழக்கன்று நடப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு முறை விசாரித்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

பூவைப் பார்த்து மயங்காதீர்கள். பூ நாலு நாளில் உதிரும். மொட்டும் புதுத் தளிரும் உள்ள சிறிய செடியே மேல். பெரிய செடிக்கு விலையும் அதிகம், இடம் மாறினால் வாட்டமும் அதிகம். இலையைத் திருப்பிப் பாருங்கள். பஞ்சு போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. அந்த ஒரு செடி உங்கள் வீட்டுச் செடிகள் எல்லாவற்றுக்கும் நோய் கொண்டுவரும்.

வீட்டுக்கு வந்த பிறகு

நம் கடைகளில் விற்கும் செடிகளில் பல, ராஜமுந்திரிக்குப் பக்கத்திலுள்ள கடியம் என்ற ஊரிலிருந்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வருபவை. வேரைச் சுற்றிக் களிமண் உருண்டையாக இறுகியிருந்தால், மேலே ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காது. ஆகவே பையோடு வாளித் தண்ணீரில் வைத்து, குமிழி அடங்கும் வரை ஊறவிடுங்கள். பிறகு பையைக் கிழித்து, மண்ணை மெல்லத் தளர்த்தி நடுங்கள். ஒரு வாரம் நிழல் கொடுங்கள். அந்த ஒரு வாரப் பொறுமைதான் பல செடிகளின் உயிர். தொட்டிக்கும் தனிச் செலவு வேண்டாம். பழைய பெயின்ட் வாளியை நன்றாகக் கழுவி, அடியில் துளையிட்டால் போதும்.

நம் மண் வஞ்சிக்கிற மண் அல்ல. சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கு வந்த பிறகு, வறண்ட புதர்க்காடாக இருந்த அந்த இடத்தில் ரசாயனப் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸ் சலிக்காமல் மரங்களை நட்டு வளர்த்தார். அந்த வளாகத்தின் பசுமையை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

ஆகவே அடுத்த முறை செடிக்கடைக்குக் கிளம்புமுன், பக்கத்து வீட்டு வாசலை ஒரு தரம் எட்டிப் பாருங்கள். அங்கே கிடைக்கிற குச்சிக்குப் பதிலாக உங்கள் வீட்டுக் கன்று ஒன்றைக் கொடுங்கள். காசும் மிஞ்சும், சிநேகமும் வளரும்!