பெண் இயக்குநர்களின் முதல் படத்துக்கு அரசு நிதி: கேரளத் திட்டம் செயல்படுவது எப்படி?

திருவனந்தபுரம்: தயாரிப்பாளர் கிடைப்பதும், எடுத்த படத்துக்குத் திரை கிடைப்பதுமே புதிய பெண் இயக்குநர்களின் முன் நிற்கும் இரு பெரும் தடைகள். கேரளத்தில் இவற்றை இரு அரசு அமைப்புகள் கையாளுகின்றன.

பெண்களின் திரைக்கதைகளைத் தேர்வு செய்து, படம் ஒன்றுக்கு அதிகபட்சம் ரூ.1.5 கோடி செலவில் மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் தயாரிக்கிறது. தாரா ராமானுஜனின் 'நிஷித்தோ', ஐ.ஜி. மினியின் 'டைவர்ஸ்', ஸ்ருதி சரண்யத்தின் 'பி 32 முதல் 44 வரை' ஆகியவை இவ்வாறு உருவானவை.

1996-ல் தொடங்கிய கேரள சர்வதேசத் திரைப்பட விழாவை மாநிலச் சலச்சித்ர அகாதமி நடத்துகிறது. 2024 டிசம்பரில் நடைபெற்ற 29-ஆவது விழாவில், கழகம் தயாரித்த 'விக்டோரியா' படத்தின் இயக்குநர் சிவரஞ்சினிக்கு, அறிமுக இயக்குநரின் சிறந்த மலையாளப் படத்துக்கான ஃபிப்ரெஸ்கி விருது கிடைத்தது. அழகு நிலையப் பெண் ஊழியரின் கதையைக் கூறும் இப்படத்தில் நடித்த மீனாட்சி ஜெயன், 2025-ல் ஷாங்காய் விழாவின் ஆசியப் புதுத் திறமையாளர் பிரிவில் சிறந்த நடிகையாகத் தேர்வானார்.

இதனிடையே, 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் நடைபெற்ற திரைப்படக் கொள்கை மாநாட்டில், அரசு நிதி பெறும் பட்டியலின, பெண் இயக்குநர்களுக்கு முதலில் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும், ரூ.1.5 கோடி அதிகம் என்றும் மூத்த இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன் கூறியது சர்ச்சையானது. அமைச்சர் சஜி செரியன் திட்டத்தை ஆதரித்தார்.

விழா, முடிந்த படத்துக்கே மேடை அமைக்கும். அந்தப் படம் உருவாக வழிசெய்வது இந்த நிதியே. விவாதம் கூர்மையடைந்ததற்குக் காரணம் இதுவே.