முப்பத்தைந்து டிகிரியில் விக்டோரியா கேக்

விக்டோரியா ஸ்பாஞ்ச் கேக் செய்யச் சொல்லித்தரும் பெரும்பாலான ஆங்கிலச் சமையல் புத்தகங்கள், முதல் வேலையாக வெண்ணெயை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் வெளியே வைக்கச் சொல்லும். லண்டனில் அது நல்ல யோசனைதான். நிலக்கோட்டையில் மே மாதத்து மதியம் அப்படி வைத்தால், திரும்பி வந்து பார்க்கும்போது கிண்ணத்தில் மஞ்சள் எண்ணெய்தான் மிதக்கும். திண்டுக்கல் சமவெளியில் ஏப்ரல், மே பகல்கள் 35 டிகிரி செல்சியஸைச் சுலபமாகத் தாண்டும். அடுப்பு எரிகிற சமையலறையில் இன்னும் கூடுதல். பால்கொழுப்போ ஏறக்குறைய 35 டிகிரியிலேயே முழுக்க உருகிவிடும்.

பிறகு நடப்பதை வீட்டில் கேக் செய்து பார்த்த பலரும் அறிவார்கள். கேக் எழும்பாது. வெட்டினால் அடியில் விரல் தடிமனுக்குப் பிசுபிசுவென்று ஒரு பட்டை தெரியும். பழியை ஓவன் மேலோ பேக்கிங் பவுடர் மேலோ போடுவார்கள். கோளாறு அதற்கு அரை மணி நேரம் முன்பே, வெண்ணெயும் சீனியும் கலந்த பாத்திரத்தில் நடந்து முடிந்திருக்கும்.

விக்டோரியா மகாராணியின் பெயரைத் தாங்கிய இந்தக் கேக், பார்க்க எளிமையானது. இரண்டு வட்டக் கேக்குகள், நடுவில் ஜாம், மேலே தூவிய சீனி. இசபெல்லா பீட்டன் 1861இல் வெளியிட்ட புகழ்பெற்ற வீட்டு நிர்வாக நூலிலேயே இதன் மூதாதை இருக்கிறது. நான்கு முட்டை, அவற்றின் எடைக்குச் சமமாக வெண்ணெய், இடித்த சீனி, மாவு, ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான். பர்மிங்காமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக 1843இலேயே பேக்கிங் பவுடரை உருவாக்கிவிட்டார். ஆனாலும் பீட்டனின் பட்டியலில் அது இல்லை. அந்தக் கேக் எழும்பியது கையால் அடித்துச் சேர்த்த காற்றால்.

இன்றைக்கும் அடிப்படை அதுதான். வெண்ணெயையும் சீனியையும் சேர்த்து அடிக்கும்போது, சீனிப் பரல்களின் கூரிய விளிம்புகள் வெண்ணெயைக் கீறிக்கொண்டு போகின்றன. கீறிய இடத்தில் காற்று நுழைகிறது. வெண்ணெயில் உருகிய கொழுப்பும் உறைந்த கொழுப்புப் படிகங்களும் கலந்திருந்தால், அந்தப் படிகங்கள் குமிழைச் சுற்றி ஒட்டிக்கொண்டு அதை வெளியேற விடாமல் பிடித்துக்கொள்ளும். இந்தப் பக்குவம் சுமார் 18 முதல் 21 டிகிரிக்குள்தான் வாய்க்கும். அதற்குக் கீழே வெண்ணெய் கட்டியாக இருந்து காற்றை உள்ளே விடாது. 28 டிகிரியைத் தாண்டினால் பிடித்துவைக்கப் போதிய படிகங்கள் மிஞ்சாது. அடிக்க அடிக்க நுரை வந்து வந்து உடையும்.

பேக்கிங் பவுடர் போடுகிறோமே, அது பார்த்துக்கொள்ளாதா? பார்த்துக்கொள்ளாது. பேக்கிங் பவுடரிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு புதிதாகக் குமிழ்களை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் குமிழ்களுக்குள் புகுந்து அவற்றைப் பெரிதாக்க மட்டுமே அதற்குத் தெரியும். நீராவியும் அப்படியே. எத்தனை குமிழ் என்பது வெண்ணெயை அடிக்கும்போதே முடிவாகிவிடுகிறது. பொடிப்பொடியாக ஏராளமான குமிழ்கள் இருந்தால் மிருதுவான கேக். கொஞ்சமே இருந்தால், எவ்வளவு பவுடர் கொட்டினாலும் பெரிய ஓட்டைகளும் கசப்பும்தான் மிச்சம்.

ஆக, நிலக்கோட்டையில் கேக் செய்பவருக்கு முதலில் தேவைப்படுவது ஒரு சமையல் தெர்மாமீட்டர். அது இல்லாவிட்டால் விரல் போதும்: வெண்ணெயை அழுத்தினால் குழி விழ வேண்டும், விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டக் கூடாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பத்து நிமிடத்தில், சின்னத் துண்டுகளாக நறுக்கி அடிக்கத் தொடங்கிவிடலாம். இளகுவதுபோல் தெரிந்தால், அகலமான தாம்பாளத்தில் ஐஸ் தண்ணீர் ஊற்றி அதன்மேல் பாத்திரத்தை வைத்து அடிக்க வேண்டும். இதே ஊரிலிருந்து வெளியூர் போகும் மல்லிகை மொட்டை ஐஸோடு தெர்மகோல் பெட்டியில் அடைக்கிறார்களே, ஏறக்குறைய அந்தக் கவனிப்பு வெண்ணெய்க்கும் வேண்டும். எருமை வெண்ணெய் பசு வெண்ணெயைவிடச் சற்றுத் தாமதமாக உருகும் என்பதால், கோடையில் அது கொஞ்சம் கைகொடுக்கும். டிசம்பர் அதிகாலையில் இந்தப் பாடு எதுவும் தேவையில்லை. மைக்கேல்பாளையம் பக்கம் கிறிஸ்துமஸ் கேக் போடுகிறவர்களுக்குப் பருவமே உதவிவிடுகிறது.

அடுத்தது சீனி. நம் மளிகைக் கடைச் சீனியின் பரல் பெரிது. மாவில் முழுதாகக் கரையாமல் கேக்கின் மேல் புள்ளி புள்ளியாக நிற்கும். இதற்குப் பயந்து பலர் மிக்ஸியில் போட்டு மாவாகவே அரைத்துவிடுகிறார்கள். அப்படி அரைத்தால் கீறுவதற்கு விளிம்பு இருக்காது, காற்றும் ஏறாது. மிக்ஸியை விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று சுற்றி, மெல்லிய ரவைப் பதத்தில் நிறுத்திக்கொள்வதே சரி.

முட்டையில் இருப்பது கணக்குச் சிக்கல். பிரிட்டனில் பெரிய முட்டை என்றால் ஓட்டோடு 63 முதல் 73 கிராம். ஆகவேதான் அங்கே நான்கு முட்டைக்கு 225 கிராம் வெண்ணெய் என்று எழுதுகிறார்கள். நமக்கு நாமக்கல்லிலிருந்து வரும் முட்டை ஏறக்குறைய 50 கிராம். ஓட்டைக் கழித்தால் 45. நான்கு உடைத்தால் 180 கிராம்தான் தேறும். புத்தகத்தில் உள்ளபடியே அளந்து போட்டால், கேக்கில் ஒரு முழு முட்டை குறைகிறது! கேக் பிளந்து உதிர்வதற்கு இது ஒன்றே போதும். நம் ஊரில் முட்டையை எண்ணித்தான் விற்கிறார்கள், எடை போட்டு அல்ல. அதனால் பீட்டன் அம்மையாரின் பழைய முறைதான் இங்கே பத்திரம்: முதலில் முட்டையை எடை போட வேண்டும், மற்ற மூன்றையும் அந்த எடைக்கு நிறுத்துக்கொள்ள வேண்டும். ஃபிரிட்ஜ் முட்டையைச் சேர்த்தால் கலவை திரிந்துபோகும் என்று ஆங்கிலப் புத்தகங்கள் பயமுறுத்தும். ஆனால் 34 டிகிரிச் சமையலறையில், லேசாகக் குளிர்ந்த முட்டை வெண்ணெயைக் காப்பாற்றும் மருந்து. ஒவ்வொன்றாகச் சேர்த்து அடித்தால், மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின் கொழுப்பையும் நீரையும் பிரியாமல் கட்டிவைக்கும்.

மைதாவைச் சேர்த்த பிறகு அடிக்கக் கூடாது, கரண்டியால் மடித்துக் கலக்க வேண்டும். அடித்தால் குளூட்டன் இழை பின்னிக்கொண்டு கேக் பரோட்டாவின் குணத்துக்கு வந்துவிடும்.

ஓவன் இல்லாத வீடுகளில் குக்கர் கேக் வெகுகாலமாகப் பழக்கத்தில் இருக்கிறது. கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் கல்லுப்பையோ மணலையோ பரப்பி, மேலே ஸ்டாண்ட் வைத்து, பத்து நிமிடம் சூடாக்கியபின் கேக் பாத்திரத்தை உள்ளே இறக்குவார்கள். உப்பு தீயின் வேகத்தைத் தணித்து, சூட்டைச் சீராகப் பரப்புகிறது. கேஸ்கட் இல்லாததால் ஆவி வெளியேறி, உள்ளே இருப்பது வெறும் சூடான காற்றாகிறது. குறை ஒன்றுதான். சூடு கீழேயிருந்தே அதிகம் வருவதால் மேற்புறம் வெளுத்தே இருக்கும்; சிவப்பதற்கு 140 டிகிரிக்கு மேல் வேண்டும், அது அங்கே கிடைக்காது. விக்டோரியா கேக்குக்கு இது ஒரு குறையே இல்லை. தலைகீழாகக் கவிழ்த்தால் நன்றாகச் சிவந்த அடிப்பக்கம் மேலே வந்துவிடும், வெளுத்த முகம் ஜாமுக்குள் மறைந்துவிடும்.

உள்ளே நடப்பது ஒரு பந்தயம். 22 டிகிரியில் இருந்த காற்று 97 டிகிரியை எட்டும்போது கால் பங்கு விரிகிறது. கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் இன்னும் ஊதுகின்றன. குமிழ்ச் சுவர்கள் உடைவதற்குள் முட்டைப் புரதமும் மாவின் ஸ்டார்ச்சும் இறுகியாக வேண்டும். முட்டை வெள்ளை தனியாக இருந்தால் 62 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். சீனி அதைத் தாமதப்படுத்துகிறது, ஸ்டார்ச்சையும் தாமதப்படுத்துகிறது. பாதியில் மூடியைத் திறந்து பார்த்தால் கேக் அமுங்குவதற்கு இதுவே காரணம்: சுவர் இன்னும் இறுகவில்லை, அதற்குள் காற்று சுருங்கிவிடுகிறது.

இந்தப் பந்தயத்தின் விதிகள் நிலக்கோட்டையிலிருந்து ஒரு பஸ் பயண தூரத்தில் மாறிவிடுகின்றன. நிலக்கோட்டை சுமார் ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. வத்தலக்குண்டு வழியாக மலையேறினால் கொடைக்கானல் ஏறத்தாழ ஏழாயிரம் அடி. 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் குடும்பங்கள் வெயிலுக்குத் தப்பி அங்கே வீடு கட்டின. சமவெளிக்கான கேக் செய்முறையை அங்கே அப்படியே பின்பற்றினால், கேக் ஆசையாக எழும்பி, நடுவில் பள்ளமாகச் சரியும். காற்றழுத்தம் நிலக்கோட்டையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே அளவு வாயு ஏறக்குறைய கால் பங்கு கூடுதலாக விரிகிறது. தண்ணீரோ 93 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிறது. ஈரம் போகப் போக மிஞ்சியதில் சீனி அடர்ந்து, இறுகுவது இன்னும் தள்ளிப்போகிறது. அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியிலும் இதே தொல்லை. அங்கிருந்த வேளாண் கல்லூரியில் இங்கா அலிசன் என்ற பேராசிரியை 1920களில் இதை ஆராய்ச்சிப் பொருளாகவே எடுத்துக்கொண்டார். பேக்கிங் பவுடரையும் சீனியையும் குறைத்து, ஈரத்தைச் சற்றுக் கூட்டி, ஓவன் சூட்டை 10 டிகிரி உயர்த்துவது மலைக்கான வழக்கமான தீர்வு. வெண்ணெய்க்கு அங்கே நேர்மாறான கவலை: கல்லாய் உறைந்திருப்பதை இளக்க வேண்டும்.

ஜாமுக்கும் இந்த உயரக் கணக்கு பொருந்தும். கொடைக்கானல் பிளம்ஸில் புளிப்பும் பெக்டினும் தாராளம் என்பதால், ராஸ்பெர்ரிக்குப் பதில் அதைத் தயங்காமல் வைக்கலாம். சீனி 65 சதவீதத்தை எட்டும்போது ஜாம் உறையும் பதம் வரும். அப்போது அதன் கொதிநிலை தண்ணீரைவிட நான்கு, ஐந்து டிகிரி மேலே நிற்கும். கீழே 104 டிகிரிக்குக் கொஞ்சம் முன்பே இறக்கலாம். மலையில் 98 டிகிரிக்குள்ளேயே பதம் வந்துவிடும்; 104 வரட்டும் என்று காத்திருந்தால் கிடைப்பது கம்பிப்பாகு.

கிரீம் தடவுவதை நிலக்கோட்டைக் கோடையில் மறந்துவிடலாம். பீட்டன் அம்மையாரும் அதைக் கேட்கவில்லை. அடித்த கிரீம் 35 டிகிரியில் உருகி ஒழுகும், சில மணி நேரத்தில் கெட்டும் போகும். ஜாம் மட்டும் வைத்த கேக்கை மூடிய டப்பாவில் வெளியிலேயே இரண்டு நாள் வைத்துச் சாப்பிடலாம். ஃபிரிட்ஜில் வைத்தால் ஸ்டார்ச் விரைவாக மறுபடி இறுகும், வெண்ணெயும் உறைந்து கேக் வறண்டுவிடும். அடிக்கும்போது அத்தனை தொல்லை கொடுத்த அந்தச் சூடு, செய்த கேக்கை மட்டும் மிருதுவாக வைத்திருக்கிறது.