கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கம்

வட்டவளையில் மழை தொடங்கினால் எப்போது விடும் என்று யாரும் கேட்பதில்லை. இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் இதுவும் ஒன்று. அப்படியொரு சனிக்கிழமை பின்னேரம், தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் எங்கள் பெண்கள் சேமிப்புக் குழு கூடியிருந்தது. கணக்கில் நாற்பது ரூபாய் உதைத்தது. பொருளாளர் அக்கா சி.ஆர். கொப்பியை முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் கூட்டத் தொடங்கினார். கூட்டும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். எண்களைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் போய் அமர்ந்த பிறகுதான் அது பாட்டென்று தெரிந்தது.

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவருடைய கதை உங்களில் பலருக்குப் புதியதுமல்ல. 1977 கலவரத்தில் அடிபட்டு, மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களில் அவருடைய பெற்றோரும் இருந்தார்கள். கிளிநொச்சியில் பிறந்தார், அங்கேயே மணமானார். 2009இல் கணவரை இழந்தார். முகாமிலிருந்து வெளியே வந்தபின், இரண்டு பிள்ளைகளோடு, பெற்றோர் விட்டுப்போன அதே மலைக்கு மாமன் வீட்டைத் தேடி வந்து சேர்ந்தார். காலையில் கொழுந்து பறிக்கிறார். மாலையில் முப்பத்திரண்டு பெண்களின் பணத்துக்குக் கணக்கு வைக்கிறார். தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்றால் ஆண் என்றே பழகிப்போனவர்கள் இப்போது அவரைத்தான் வேடிக்கையாக "கணக்கப்பிள்ளை" என்று கூப்பிடுகிறார்கள்.

ஆனால் பாட்டு விஷயம் வேறு. போன வருடம் குழுவின் ஆண்டு நிறைவு விழாவில் இளம்பெண்கள் அக்காவைப் பாடச் சொன்னார்கள். அவர் எழுந்து ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் கூடப் போய்விட்டார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு வயதான அம்மா, "தாலியில்லாதவளுக்கு மைக்கு கேக்குதா? காசு வச்சிருக்கிறவ கணக்கப் பாத்துக்கிட்டுக் கெடந்தா போதும்" என்றார். அக்கா திரும்பி வந்து அமர்ந்துவிட்டார். நானும் வாய் திறக்கவில்லை. விழா குழம்பிவிடக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது இன்றுவரை உறுத்துகிறது.

அந்த நாற்பது ரூபாய் சனிக்கிழமைக்குப் பிறகு, பணத்தோடு வேலை செய்தும் பாட்டைக் கைவிடாத பெண்கள் யாராவது உண்டா என்று தேடி வாசித்தேன். அப்படித்தான் கிரண் அலுவாலியாவைப் பற்றி அறிந்தேன். இவர் இந்தியாவில், பாட்னாவில் பிறந்தவர். சிறுவயதில் பெற்றோருடன் புலம்பெயர்ந்து கனடாவின் டொரண்டோ நகரில் வளர்ந்தவர். எம்.பி.ஏ. பட்டம் பெற்று, கடன் பத்திரங்களை வாங்கி விற்கும் நிதித்துறையில் வேலை செய்தார். நம் நாட்டில் இதைத்தான் பிணைமுறி என்கிறார்கள். மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரம் என்று 2015க்குப் பிறகு வானொலியில் ஓயாமல் கேட்டோமே, அதே பிணைமுறிதான். அரசாங்கமோ கம்பனியோ நம்மிடம் கடன் வாங்கி, "இந்த வட்டியோடு இந்தத் திகதியில் திருப்பித் தருகிறேன்" என்று எழுதிக் கொடுக்கும் தாள் அது. அந்தத் தாளையே கைமாற்றி இலாபம் பார்ப்பவர்களும் உண்டு. எங்கள் குழுவில் ஒருவர் வாங்கும் கடனுக்கு இருவர் பிணை நிற்கிறார்களே, அதன் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிரண் சிறுமியாக இருந்தபோதே பாட்டுப் படித்தவர். வளர்ந்த பிறகு இந்தியாவுக்கு வந்து, ஹைதராபாத்தில் விட்டல் ராவ் என்ற முதிய கஸல் பாடகரிடம் பாடம் கேட்டார். கஸல் என்பது உருதுக் கவிதையைப் பாடும் முறை. கடைசியில் நிதித்துறை வேலையை விட்டுவிட்டுத் தனக்கென்று ஒரு இசைக்குழுவை அமைத்தார். அதில் தபேலாவும் உண்டு, மின்கிற்றாரும் உண்டு. கிற்றார் வாசிப்பவர் அவருடைய கணவர் ரெஸ் அப்பாசி. கராச்சியில் பிறந்த ஜாஸ் கலைஞர். இந்தியாவில் பிறந்தவரும் பாகிஸ்தானில் பிறந்தவரும் ஒரே மேடையில் என்பதைப் போர் பார்த்த நாம் சும்மா கடந்துபோக முடியாது. பழைய கவிஞர்களை மட்டும் பாடாமல், டொரண்டோவில் குடியேறி வாழும் உருது, பஞ்சாபிக் கவிஞர்களின் வரிகளுக்கும் அவர் இசையமைத்தார். ஊர் விட்டு ஊர் வந்தவர்களின் கவிதைகள் அவை.

ஜாஸ் என்றால் என்ன என்று எங்கள் குழுவில் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் சந்ததியினர் உருவாக்கிய இசை. எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் முறை வரும். தன் முறை வரும்போது அந்த நேரத்தில் மனதில் தோன்றுவதை வாசிக்கலாம். மற்றவர்கள் தாளம் பிடித்துக் காத்திருப்பார்கள். திருவிழாவில் தவில்காரர் தனியாக வெளுத்து வாங்கும்போது நாதஸ்வரக்காரர் தாளம் தட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஜாஸோடு வேறு இசைகளைக் கலப்பதைக் கலப்பிசை என்கிறார்கள்.

இந்தக் கலப்பிசை நமக்கு அந்நியமானது என்றும் நினைக்க வேண்டாம். வயலின் கலைஞர் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 இனக்கலவரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் சென்னைக்குப் போக வேண்டியதாயிற்று. அவருடைய மகன் எல். சங்கர் 1970களில் ஆங்கிலேய கிற்றார் கலைஞர் ஜான் மக்லாஃப்லினோடும், தபேலா சாகிர் ஹுசைன், கடம் விநாயக்ராமோடும் சேர்ந்து வாசித்த 'சக்தி' குழு உலகம் முழுவதும் பேசப்பட்டது. இன்னொரு மகன் எல். சுப்பிரமணியம் வைத்தியப் படிப்பை முடித்துவிட்டு வயலினோடு போனவர்; அவரும் ஜாஸ் கலைஞர்களோடு நிறைய வாசித்தார். அந்த இரு பிள்ளைகளும் வளர்ந்த வீடு யாழ்ப்பாணத்தில் இருந்தது.

கிரணின் இசைத்தட்டுகளில் என்னை அதிகம் தொட்டது 2011இல் வந்த 'ஆம் ஜமீன்'. கனடாவின் ஜூனோ விருதும் அதற்குக் கிடைத்தது. 'பொது நிலம்' என்பது தலைப்பின் பொருள். லயத்தில் பிறந்து, சொந்தமாக ஒரு பேர்ச் காணி இல்லாமல் சாகிறவர்கள் நடுவில் வேலை செய்யும் எனக்கு அந்தத் தலைப்பே போதுமாக இருந்தது. அதில் அவரோடு இணைந்தவர்கள் 'தினாரிவென்' குழுவினர், சகாரா பாலைவனத்தின் துவாரெக் மக்கள். அந்தக் குழுவைத் தொடக்கிய இப்ராஹிம் அக் அல்ஹபீப் மாலி நாட்டில் பிறந்தவர். 1963இல், நான்கு வயதில், தன் தகப்பன் கொல்லப்படுவதைக் கண்ணால் பார்த்தவர். பிறகு அகதியாக அல்ஜீரியாவில் வளர்ந்தார். அவருடைய முதல் கிற்றார் ஒரு தகர டின், ஒரு தடி, சைக்கிள் பிரேக் கம்பி ஆகியவற்றால் அவரே செய்துகொண்டது.

அந்த மக்களிடம் 'திந்தே' என்றொரு மேளம் உண்டு. தானியம் இடிக்கும் மர உரலின் வாயில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டி அடிப்பது. அடிப்பவர்கள் பெண்கள். 'திந்தே' என்ற சொல்லுக்கே உரல் என்றுதான் பொருள். மாவு இடித்து முடித்த உரலே மேளமாகிறது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கிரணால் வேலையை விட முடிந்தது. பட்டம் இருந்தது, திரும்பிப் போக ஒரு வழியும் இருந்தது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பாடப் போங்கள் என்று எங்கள் அக்காவிடம் சொன்னால் அது கிண்டல். இரண்டையும் ஒன்றாகச் சுமந்தவர்களும் உண்டு. அமெரிக்கரான சார்ள்ஸ் ஐவ்ஸ் நியூயோர்க்கில் ஆயுள் காப்புறுதித் தொழிலை நடத்திக்கொண்டே, இரவிலும் விடுமுறையிலும் இசை எழுதினார். 1947இல் புலிட்சர் பரிசு பெற்றார். ஆனால் வீட்டைப் பார்த்துக்கொள்ள அவருக்கு மனைவி இருந்தார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது 'வகிபாகம்' என்ற சொல்லைப் பக்கம் பக்கமாக எழுதினேன். ஒரு பெண்ணுக்கு இத்தனை வகிபாகங்களுக்கு மேல் இல்லை என்று முடிவு கட்டுகிறவர் யார் என்று எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை.

நம் மலையிலேயே ஒருவர் இருந்தார். கோ. நடேசய்யர் தஞ்சாவூரிலிருந்து வந்து, 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தவர். கணக்கியல் பற்றித் தமிழில் நூல் எழுதியவரும் கூட. அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளரின் நிலையைப் பாட்டாக எழுதி, கூட்டங்களில் தானே பாடினார். அந்தப் பாடல்கள் 1940இல் புத்தகமாகவும் வந்தன. அட்டன் இங்கிருந்து எவ்வளவு தூரம்? ரயிலில் ஏறினால் ரொசல்லையைத் தாண்டியதும் அட்டன்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். தொலைபேசியில் கிரணின் பாட்டையும் போட்டேன். தகரக் கூரையில் மழை கொட்டியதில் ஒன்றும் கேட்கவில்லை. ஆளுக்காள் கைமாற்றிக் காதில் வைத்துக் கேட்டார்கள். அந்த வயதான அம்மாவும் கேட்டார். ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அக்காதான் அதிக நேரம் வைத்திருந்தார்.

"நெசமா ஒரலுலயா மிஸ் மேளம் செய்றாங்க?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இத்தனை பேரு வாசிக்கிறாங்களே, அந்தக் கோஷ்டிக்கு யாரு கணக்கு பாக்குறா?" என்றார்.

பிணைமுறி விற்றவராச்சே, அவரேதான் பார்ப்பாராக்கும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. யோசித்தார். பிறகு சி.ஆர். கொப்பியைத் தலைகீழாகத் திருப்பி என்னிடம் தந்தார். கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி ஒன்பது பக்கங்கள், பென்சிலில். அவருடைய அம்மா இந்த மலையில் பாடியவை, வன்னியில் வயலில் பாடியவை, முகாமில் யாரோ பாடக் கேட்டவை. சில அவரே கட்டியவை. முன்பக்கத்திலிருந்து வரவு செலவு, பின்பக்கத்திலிருந்து பாட்டு. இன்னும் இருபது தாள்கள்தான் நடுவில் வெறுமையாக இருந்தன.

"முட்டிக்கிட்டா புதுக் கொப்பி வாங்கணும் மிஸ். அது குழுக் காசா, ஏன் காசா?" என்றார்.

நாற்பது ரூபாயும் அன்றே அகப்பட்டது. ஒருவரின் சந்தா இன்னொருவரின் பெயருக்கு நேரே விழுந்திருந்தது. அதைத் திருத்திக் கையெழுத்து வைத்துவிட்டு, அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை அக்காவே எழுதினார். ஒன்று, சென்ற கூட்ட அறிக்கை. இரண்டு, வரவு செலவு. மூன்று, பாட்டு. முதல் இரண்டுக்கும் நேரே ஆட்களின் பெயர் இருந்தது. மூன்றாவதுக்கு நேரே அவர் இடம் விட்டிருந்தார்.