கடைவீதிகள் கற்பிக்கும் பாடம்

சுற்றுலா என்றதும் கடலும் அருவியுமே பலருடைய நினைவுக்கு வரும். அருகிலுள்ள சிற்றூர்களின் பழைய கடைவீதிகளை நாம் சுற்றுலா இடங்களாக எண்ணுவதில்லை. ஆனால் ஓர் ஊர் எந்தத் தொழிலால் வாழ்ந்தது என்பதை அந்த வீதிகளே நமக்குக் கூறும். பழனி மலையடிவாரத்தில் தென்னந்தோப்புகள் சூழ்ந்த அய்யம்பாளையத்திலிருந்து, ஒரு விடுமுறை நாளில், அப்பா, அம்மா, பாட்டி, தம்பியுடன் புறப்பட்டு மூன்று ஊர்களைக் கண்டு வந்தோம்.

வத்தலக்குண்டு

கொடைக்கானல் செல்வோர் பலர் பேருந்தில் அமர்ந்தபடியே இவ்வூரைக் கடந்து விடுகின்றனர். நாங்கள் இறங்கி நடந்தோம். வெற்றிலைக்குப் பெயர் பெற்ற ஊர் இது. விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா 1884-ஆம் ஆண்டு இங்குதான் பிறந்தார். ‘கமலாம்பாள் சரித்திரம்’ என்னும் நாவலை எழுதிய ராஜம் ஐயரும் இவ்வூரினரே. சிறிய ஊரிலிருந்தும் பெரியோர் தோன்றுவர் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ!

சின்னாளபட்டி

செம்பட்டி வழியாகச் சின்னாளபட்டி சேர்ந்தோம். இது நெசவாளர் ஊர். சுங்குடிச் சேலைக்குப் புகழ் பெற்றது. பழைய முறையில் சுங்குடி செய்யும்போது, துணியைச் சிறிது சிறிதாகக் கிள்ளி நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் நனைப்பர். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. முடிச்சை அவிழ்த்தால் அங்கே ஒரு புள்ளி பூத்திருக்கும். ஒரு சேலையில் எத்தனை புள்ளிகளோ, அத்தனை முடிச்சுகள்! அம்மா ஒரு சேலை வாங்கினார்கள்.

திண்டுக்கல்

நண்பகலில் திண்டுக்கல்லை அடைந்தோம். ஊருக்கு நடுவே திண்டு போல் கிடக்கும் பாறையின் மேல், மதுரை நாயக்கர்கள் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை உள்ளது. பின்னர் அது ஹைதர் அலியிடமும், 1790-இல் ஆங்கிலேயரிடமும் சென்றது. அபிராமி அம்மன் கோயில், புனித வளனார் பேராலயம், பேகம்பூர் பள்ளிவாசல் ஆகிய மூன்றும் இவ்வூரில் உள்ளன. பழைய தெருக்கள் குறுகலானவை. மாட்டு வண்டிக்கும் மனிதர் நடைக்கும் அமைந்தவை அல்லவா?

இவ்வூரின் பெருமை பூட்டு. மாங்காய் வடிவில் இருப்பது மாங்காய்ப் பூட்டு. பூட்டினுள் சிறு நெம்புகோல் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். ஒன்று சற்றே கூடினாலும் குறைந்தாலும் பூட்டு திறவாது. இத்தனை நுட்பத்தையும் அரத்தைக் கொண்டு கையாலேயே செய்கிறார்கள்.

ஒரு பட்டறையில் முதியவர் ஒருவர் சாவியை ராவிக்கொண்டிருந்தார். “எங்கள் வீட்டுப் பெட்டியில் தொங்குவது உங்கள் ஊர்ப் பூட்டுதான் ஐயா, இன்றுவரை பழுதில்லை” என்றார் பாட்டி. அவர் மகிழ்ந்து, “என் தகப்பனாரிடம் கற்ற தொழில் அம்மா. என் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்” என்றார். எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இயந்திரத்தில் செய்யப்படும் மலிவான பூட்டுகளுடன் இந்தக் கைத்தொழில் போட்டியிட வேண்டியுள்ளது. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறிடத்தில் செய்த பூட்டை இப்பெயரில் விற்பதை அது தடுக்கும். பெயருக்குக் காவல் கிடைத்துவிட்டது. ஆனால் தொழிலைக் கற்க இளங்கைகள் முன்வராவிட்டால் பெயர் மட்டும் என்ன செய்யும்?

தோழியரே! அடுத்த முறை பெற்றோருடன் ஒரு பழைய கடைவீதிக்குச் சென்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இங்கே என்ன செய்கிறீர்கள்? யாரிடம் கற்றீர்கள்? உங்களுக்குப் பின் யார் செய்வார்? முதல் இரண்டுக்கும் விடை எளிதில் கிடைக்கும். மூன்றாவதற்கு விடை தேடும் பொறுப்பு நம் தலைமுறையினுடையது.