கோஷர் கல்பியும் அம்மாவின் கவிச்சிச் சட்டியும்

போன தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்த என் தோழி ஒரு முறுக்கைக்கூட எடுத்துக் கடிக்கவில்லை.

அவள் வருகிறாள் என்பதற்காகவே அம்மா அன்று காலை ஆட்டுக்கறிக் குழம்பைத் தள்ளிவைத்து இட்லி, சாம்பார், வடை என்று மேசையை நிறைத்திருந்தார். தோழி எல்லாவற்றையும் ஆசையோடு பார்த்தாள். கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பழத்தட்டிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்துக் கையாலேயே உரித்துச் சாப்பிட்டாள். அவள் கிளம்பிய பிறகு அம்மா சொன்னார்: "நல்ல நாளும் அதுவுமா வீட்டுக்கு வந்த பிள்ளை கை நனைக்காமப் போயிடுச்சே."

தவறு என்னுடையது. லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்து வேலைக்காகச் சிங்கப்பூர் வந்தவள் அவள். யூதப் பெண். கோஷர் முறையில் மட்டுமே சாப்பிடுவாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால், "சைவம்தானே, சாப்பிடுவாள்" என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதற்கும் முன்பு வானொலியில் உணவு பற்றிப் பேசியபோது, "கோஷர் என்றால் யூதர்களின் ஹலால்" என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்தவளும் நான்தான்.

இரண்டு வாரம் கழித்துத் தோழி அழைத்தாள். "ஞாயிற்றுக்கிழமை கல்பி செய்கிறேன். அம்மாவையும் அழைத்து வா."

கல்பி என்றால் கொரிய மொழியில் விலா எலும்பு. மாட்டு விலா. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "தெரியும். உங்களுக்குக் கோழி. என் சமையலறையைப் பார்த்தால் அம்மாவுக்குப் புரியும்" என்றாள்.

ஒரே வெட்டு, இரண்டு பெயர்கள்

கொரியாவில் கல்பிக்குப் பெயர்போன ஊர் சோலுக்குத் தெற்கே இருக்கும் சுவோன். அங்கே விலா எலும்பை முழுதாக வைத்து, அதன் மேலுள்ள இறைச்சியை மெல்லிய நாடாபோல விரித்து, கீறி, ஊறவைத்துச் சுடுவார்கள். கைத்தேர்ச்சி கேட்கும் வேலை அது.

அமெரிக்காவில் 1965ல் குடியேற்றச் சட்டம் மாறியபின் கொரியர்கள் பெருமளவில் அங்கே போனார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் அவர்களின் பெரிய மையமானது. அங்கு பரவலான கல்பி வேறு மாதிரி. விலாவை எலும்போடு குறுக்கே வாள்கொண்டு அறுத்தால், ஓரத்தில் மூன்று நான்கு எலும்பு வட்டங்கள் தெரியும் மெல்லிய பட்டைகள் கிடைக்கும். சீக்கிரம் ஊறும், சீக்கிரம் வேகும். இதற்கு 'எல்.ஏ. கல்பி' என்று பெயர். அந்த ஊரால் வந்த பெயர் என்பது ஒரு விளக்கம்.

இந்தக் குறுக்கு வெட்டு யூதக் கசாப்புக் கடைகளுக்குப் பழையது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ் மொழியில் அதற்கு 'ஃபிளாங்கன்' என்று பெயர். "என் பாட்டி இதை மணிக்கணக்கில் சூப்பில் வேகவைப்பார். பக்கத்துக் கொரியர் வீட்டில் இதையே நான்கு நிமிடத்தில் சுட்டு எடுப்பார்கள். நாங்கள் ஜன்னல் வழியாக மோப்பம் பிடிப்பதோடு சரி" என்று சிரித்தாள் தோழி. அந்த மணத்தைத் தன் வீட்டு அடுப்புக்குக் கொண்டுவரத்தான் அவள் கோஷர் கல்பி செய்யப் பழகினாள்.

வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஒரு கடை

ஞாயிறு சமையலுக்கு வெள்ளிக்கிழமை காலையிலேயே இறைச்சி வாங்கப் போனோம். அன்று மாலை சூரியன் மறைந்தால் யூதர்களின் ஓய்வு நாள் தொடங்கிவிடும். சனி இருட்டும்வரை வாங்குவதும் இல்லை, சமைப்பதும் இல்லை.

வாட்டர்லூ ஸ்திரீட் நமக்குத் தெரிந்த இடம்தான். ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் இருக்கும் அதே சாலையில், 1878ல் திறக்கப்பட்ட மகேன் அபோத் யூத ஆலயமும் இருக்கிறது. அதையொட்டிய யூதச் சமூக மையத்தில் கோஷர் கடை உண்டு. எத்தனையோ முறை கோயிலுக்குப் போயிருக்கிறேன். இந்தக் கடைக்குள் நுழைந்தது அன்றுதான் முதல்முறை.

விலாவுக்கு ஒரு வசதி இருக்கிறது என்றாள் தோழி. மாட்டின் பின்பகுதியில் ஓடும் தொடை நரம்பை யூதர்கள் உண்ணக்கூடாது. அதை முழுதாக நீக்குவது கடினம் என்பதால் பல நாடுகளில் பின்பகுதியையே கோஷர் கடைகள் விற்பதில்லை. விலா முன்பகுதியைச் சேர்ந்தது. அந்தச் சிக்கல் இல்லை.

என் வானொலி வரி எவ்வளவு அரைகுறை என்பதும் அங்கேதான் புரிந்தது. அறுக்கும் முறை, பன்றி விலக்கு என்று கோஷருக்கும் ஹலாலுக்கும் ஒற்றுமைகள் உண்டு. ஆனால் ஒட்டகம் ஹலால், கோஷர் இல்லை. இறாலும் நண்டும் கோஷரில் அறவே கிடையாது. மது ஹலாலில் விலக்கு. கோஷரில் திராட்சை மது மேற்பார்வையோடு தயாரிக்கப்பட்டிருந்தால் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, இறைச்சியும் பாலும் சேரவே கூடாது என்பது கோஷரின் தனி விதி. சமைக்கும் சட்டி, சாப்பிடும் தட்டு, கழுவும் பஞ்சுவரை அது நீளும்.

"இது நம்ம கவிச்சிச் சட்டி!"

ஞாயிறு மதியம் தோழியின் சமையலறையில் அம்மா முதலில் பார்த்தது ஒட்டுத்தாள்களைத்தான். ஓர் அலமாரியில் சிவப்பு, இன்னொன்றில் நீலம். சிவப்பு இறைச்சிக்கு, நீலம் பாலுக்கு. இரண்டு பக்கமும் தனித்தனிச் சட்டிகள், கரண்டிகள், கத்திகள். சூடான உணவின் சாரம் பாத்திரத்தில் ஏறிவிடும் என்பது கணக்கு. அதனால்தான் கறி சமைத்த எங்கள் சட்டியில் அவித்த சாம்பாரும் அவளுக்கு ஆகவில்லை.

அம்மா சிவப்பு அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இது நம்ம கவிச்சிச் சட்டி மாதிரிதானே?" என்றார். பாட்டி வீட்டில் மீனும் கறியும் ஆக்கத் தனிச் சட்டி இருந்தது. விரத நாளில் அது கொல்லைப்புறத்தைத் தாண்டி உள்ளே வராது. யாராவது மாற்றி வைத்துவிட்டால் பாட்டி அன்று சாப்பிடவே மாட்டாராம். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் தோழி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்து அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. இன்னும் விலைச்சீட்டு பிரிக்காத ஒரு சட்டி, ஒரு பலகை, ஓர் இடுக்கி ஆகியவற்றை மேசையில் எடுத்து வைத்தாள். "ஆன்ட்டி, இது உங்கள் கோழிக்கு. முதலில் கோழியைச் சுட்டுவிடலாம். மாட்டிறைச்சி பட்ட சட்டியில் உங்கள் சாப்பாடு வேண்டாம்."

அவளுடைய விதிப்படி கோழியும் இறைச்சிதான். ஒரே சட்டியில் சமைத்தால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. நாங்கள் யாரும் தனிச் சட்டி கேட்கவும் இல்லை. பாத்திரம் ஏன் முக்கியம் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தீபாவளியன்று அதையே அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தவறியவள் நான்.

உப்பும் பேரிக்காயும்

கோஷர் இறைச்சியை அரை மணி நேரம் நீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் கல்லுப்புப் பூசி, மூன்று முறை அலசுவார்கள். இரத்தம் வடிவதற்காக. இப்போது இதைப் பெரும்பாலும் கடைக்கு வருமுன்பே செய்துவிடுகிறார்கள். அதனால் இறைச்சியில் ஏற்கெனவே உப்பு இருக்கும். வழக்கமான கல்பிக் குறிப்பை அப்படியே பின்பற்றினால் உப்புக் கரிக்கும். தோழியின் முதல் முயற்சி குப்பைக்குத்தான் போனதாம். இப்போது சோயா சாஸுக்குச் சம அளவு தண்ணீர் சேர்க்கிறாள்.

இறைச்சியை மிருதுவாக்குவது பேரிக்காய். உருண்டையாக, பழுப்புத் தோலோடு பேரங்காடிகளில் கிடைக்கும் கொரியப் பேரிக்காயில் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. பாலும் தயிரும் கூடாத சமையலில் இது பெரிய உதவி. அன்னாசியும் கிவியும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அவற்றுக்கு வேகம் அதிகம். இரவு முழுக்க விட்டால் இறைச்சி குழைந்துவிடும்.

மீனையும் இறைச்சியையும் சேர்த்துச் சமைக்காத வழக்கமும் யூதர்களிடம் உண்டு. வழக்கமான கிம்ச்சியில் மீன் சாஸும் உப்பிட்ட இறாலும் சேரும் என்பதால், அவள் வெள்ளரிக்காய், பூண்டு, மிளகாய்த்தூள், உப்பு மட்டும் போட்டுத் தானே ஊறவைக்கிறாள்.

அன்று அம்மாவுக்குக் கிடைத்த வேலை கீரை ஆய்வது. கல்பியைச் சாலட் இலையில் சுருட்டிச் சாப்பிட வேண்டும். கோஷர் முறையில் பூச்சி உண்பது பெரிய விலக்கு. ஒவ்வோர் இலையையும் நீரில் ஊறவைத்து, அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். முருங்கைக்கீரை ஆய்ந்தே கண் பழகிய அம்மா, தோழி சரிபார்த்து வைத்த தட்டிலிருந்து ஒரு சிறு பூச்சியை எடுத்துக் காட்டினார். அதன்பிறகு இலைத்தட்டு முழுவதும் அம்மாவின் பொறுப்பில் போய்விட்டது.

கோழி முடிந்ததும் விலாப் பட்டைகள் சட்டியில் விழுந்தன. சர்க்கரை உருகிக் கருகத் தொடங்கும் மணம், வறுத்த எள்ளின் மணம், பூண்டு. தோழியின் பிள்ளைகள் எலும்பைக் கையில் பிடித்துக் கடித்தார்கள். நானும் அம்மாவும் அதே மசாலாவில் ஊறிய கோழியைச் சோற்றோடு இலையில் சுருட்டிச் சாப்பிட்டோம். இனிப்பும் காரமும் சரியாக இருந்தன.

சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல அம்மா "டீ" என்று வாயெடுத்தார். இறைச்சிக்குப் பிறகு பால் தொட அவர்கள் ஆறு மணி நேரம் காத்திருப்பார்கள் என்று நான் காதில் சொன்னேன். "அதனாலென்ன, தே ஓ போதும்" என்றார் அம்மா.

செய்முறை (5 பேருக்கு)

தேவையானவை: குறுக்கே வெட்டிய மாட்டு விலா 1.5 கிலோ (7 மில்லிமீட்டர் தடிமன்), சோயா சாஸ் 120 மில்லி, தண்ணீர் 120 மில்லி, பழுப்புச் சர்க்கரை 4 மேசைக்கரண்டி, கொரியப் பேரிக்காய் பாதி, பெரிய வெங்காயம் பாதி, பூண்டு 10 பல், இஞ்சி ஒரு சிறு துண்டு, வறுத்த எள் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, வெங்காயத்தாள் 3.

1. உறைந்த இறைச்சியை முதல் நாளே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உறைநீக்குங்கள். பிறகு குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசினால், அறுத்தபோது ஒட்டிய எலும்புத் தூளும் மிச்ச உப்பும் போகும். ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

2. பேரிக்காய், வெங்காயம், பூண்டு, இஞ்சியை அரைத்து, மற்றவற்றோடு கலந்து, இறைச்சியில் பூசிக் குளிர்பதனப் பெட்டியில் 8 முதல் 12 மணி நேரம் வையுங்கள்.

3. அடுக்குமாடி வீட்டுக்குக் கரி அடுப்பு சரிவராது. கனமான வார்ப்பிரும்புச் சட்டி போதும். சட்டி நன்றாகக் காய்ந்ததும், மசாலாவை வழித்துவிட்டு, பட்டைகளை நெருக்கமில்லாமல் அடுக்குங்கள். ஒரு பக்கத்துக்கு 3 நிமிடம். சர்க்கரை சீக்கிரம் கருகும், பக்கத்திலேயே நில்லுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

4. கத்தரிக்கோலால் எலும்புகளுக்கு இடையே வெட்டி, சோறு, சாலட் இலையோடு பரிமாறுங்கள்.

நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது, மணம் வேறு. கொரிய வகையையே வாங்குங்கள். கோஷர் விருந்தினருக்கு என்றால் சோயா சாஸ், எண்ணெய் இரண்டிலும் கோஷர் முத்திரை வேண்டும். ஹலால் இறைச்சியில் செய்பவர்கள் சோயா சாஸை 150 மில்லியாக்கலாம். மிரின் என்ற அரிசி மது பல குறிப்புகளில் வரும். அதைத் தவிர்த்துவிட்டுப் பேரிக்காயைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் எலும்பில்லாத கோழித் தொடையை 4 மணி நேரம் ஊறவைத்து, மிதமான தீயில் உள்ளே முழுதாக வேகும்வரை சுடலாம்.

முறுக்கு அச்சு

கிளம்பும்போது வாசலில் நின்று அம்மா கேட்டார்: "இந்த அடுப்புல, இந்தச் சட்டியில நான் முறுக்கு சுட்டா நீ சாப்பிடுவியா?"

தோழி கொஞ்சம் யோசித்தாள். "சாப்பிடுவேன் ஆன்ட்டி. மாவும் எண்ணெயும் என் கடையில் வாங்கலாம். வெண்ணெய் வேண்டாம். அடுப்பை மட்டும் நான் பற்றவைக்க வேண்டும். மற்றதெல்லாம் நீங்கள்தான்." யூதர் அல்லாதவர் சமைத்ததை உண்ண, தீ மூட்டுவதிலாவது ஒரு யூதரின் கை இருக்க வேண்டும் என்பது அவள் குடும்பம் பின்பற்றும் வழி.

"அடுப்புத்தானே, பத்தவைச்சுக்கோ" என்றார் அம்மா.

போன வாரம் அம்மா தேக்காவுக்குப் போய்ப் புது முறுக்கு அச்சு ஒன்று வாங்கி வந்திருக்கிறார். புது உலோகப் பாத்திரத்தை அவர்கள் முதலில் நீரில் முழுக்கி எடுப்பார்கள் என்று சொல்லிவைத்தேன். அதனால் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. இந்தத் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என்று நாளும் குறித்தாகிவிட்டது. எங்கள் வீட்டு அலமாரியில் யாரும் தொடாதபடி மேல்தட்டில் இருக்கிறது அந்த அச்சு. பெட்டியின் மேல் அம்மாவே ஒரு சிவப்பு ஒட்டுத்தாளையும் ஒட்டி வைத்திருக்கிறார்.